செயின்ட் ஜூலியாட் கோயிலைக் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டியும் பின்னாளில் அவர் மனைவியான எம்மாவும் சந்திக்கக் காரணமாக இருந்த செயின்ட் ஜூலியாட் தேவாலயத்தை நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டு வந்தோம். இங்கிலாந்தில், கார்ன்வால் கடற்கரையை ஒட்டிய சின்னக் கோயில். உங்கள் உதவி இல்லாமல் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

பிளிமத்தில் இருக்கும் தம்பிக்கு முதல் நன்றி. போஸ்காசில் ஊரைத் தாண்டியதும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதை. எதிரே டிராக்டர் வரும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டாய்.

அப்புறம், கோயிலில் பூ மாற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா. கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எங்களோடு வந்து கோயிலின் கதையைச் சொன்னார். 1870 மார்ச்சில், சிதைந்து கிடந்த இந்தக் கோயிலைப் புதுப்பிக்க அளவெடுக்க வந்தவர்தான் ஹார்டி. அப்போது அவர் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் வேலை பார்த்த இளைஞர். பாதிரியார் கீல்வாதத்தால் படுத்திருந்ததால், வந்தவரை வரவேற்றது பாதிரியாருடைய மனைவியின் தங்கை எம்மா. ஹார்டியின் கோட்டுப் பையில் நீலத்தாள் ஒன்று எட்டிப் பார்த்ததாம். கோயில் வரைபடம் என்று எம்மா நினைத்தது உண்மையில் ஒரு கவிதை! இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சொந்த அக்கா கல்யாணக் கதையைச் சொல்வது போல அத்தனை பூரிப்பு.

ஆனால் என்னை உலுக்கியது சுவரில் இருக்கும் எம்மாவின் நினைவுக்கல்தான். 1874-இல் கல்யாணம், போகப்போக ஒரே வீட்டுக்குள் இருவரும் ஒட்டாமல் வாழ்ந்தார்கள். 1912 நவம்பரில் எம்மா இறந்தார். அடுத்த மார்ச்சில், 72 வயதில், ஹார்டி மறுபடி இங்கே வந்தார். அந்தக் கல்லை வடிவமைத்தவரும் அவரே. கோயிலின் இசையை எம்மா நடத்தியதையும், புதுக் கோபுரத்துக்கு முதல் கல் வைத்ததையும் அதில் பொறிக்கச் செய்திருக்கிறார். அவர் எழுதியவற்றில் ஆகச் சிறந்தவை எம்மாவின் மறைவுக்குப் பிறகு எழுதிய கவிதைகள்தான் என்பேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றதும் டார்ச் அடித்துக் காட்டினீர்களே அம்மா, அதை மறக்க மாட்டேன்.

அந்தக் கவிதைகளைக் கல்லூரியில் எங்களுக்கு நடத்திய மேடத்துக்கும் வணக்கம். அன்று பாதி புரிந்தது; மீதி அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது புரிந்தது.

கோயிலைக் கூட்டிப் பெருக்கி, பூட்டாமல் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த மடலை அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவதாகத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான்.