ஜியாலஜியா, பிரெஞ்சா என்று கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பி.ஏ. பிரெஞ்சு இலக்கியமா, பி.எஸ்சி. ஜியாலஜியா? "ரெண்டும் எனக்குப் பிடிச்சிருக்கு மாமா, வீட்ல ரெண்டுமே பிடிக்கல" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்துக்கு ஜியாலஜி எடு. பிரெஞ்சை விடாதே, ஆனால் அதைப் பட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்.

ஜியாலஜி படித்த நானும் பகுதி ஒன்றில், அதாவது பட்டப்படிப்பின் மொழிப்பாடத்தில், தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவன்தான். மார்க் விழும் என்று சீனியர்கள் சொன்னார்கள், விழுந்தது. வினைச்சொற்களை மனப்பாடம் செய்து, ஏற்கெனவே தெரிந்த பத்தியை மொழிபெயர்த்து, எண்பதுக்கு மேல் வாங்கினேன். இன்றைக்குப் பாண்டிச்சேரியில் தெருப் பெயர்ப் பலகைக்கு மேல் எனக்கு எதுவும் படிக்க வராது. (தமிழை விட்டதற்காக உன் தாத்தா அப்போது திட்டியதும் நியாயம்தான்.) அதனால் நீ பகுதி ஒன்றில் தமிழே எடு. சென்னையில் சேர்ந்தால் சனி, ஞாயிறு பிரெஞ்சு சொல்லித்தரும் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போ. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை வரை வந்துவிட்டால் நாவல் உன் கையில் நிற்கும். மொட்டைமாடியில் உட்கார்ந்து தனியாகப் படிக்கலாம்.

பாறையை அப்படிப் படிக்க முடியாது. பல்லாவரம் குன்றில் ஒரு துண்டை உடைத்தால் எண்ணெய் தடவின மாதிரி கறுப்பாக இருக்கும். அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் ஒரே போலரைசர் (ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் வடிகட்டி) போட்டு மேடையைச் சுற்றினால், உள்ளே இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். முதல் தடவை பார்த்தபோது நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். அந்தத் துண்டைத் தேய்க்க ஒரு லேப் வேண்டும், எதைப் பார்க்கிறாய் என்று சொல்ல பக்கத்தில் ஒரு வாத்தியார் வேண்டும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். பாறைக்குச் சார்னகைட் என்ற பெயர் அந்த மனிதரிடமிருந்து வந்தது.

புத்தகத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று உன் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரே எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்த மறு வருஷம், 1881இல், முடியாமல் நின்ற ஒரு நாவல் வெளிவந்தது. புவார், பெகுஷே என்று நகல் எழுதும் இரண்டு குமாஸ்தாக்கள். வேலையை விட்டுவிட்டு நார்மண்டியில் குடியேறி, ஒவ்வொரு துறையாகப் புத்தகம் பார்த்து முயன்று, ஒவ்வொன்றிலும் கோட்டைவிடுகிறார்கள். அதில் ஜியாலஜியும் உண்டு. நான் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். எங்கள் முதல் ஃபீல்டு ட்ரிப் ஞாபகம் வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இரண்டும் சம்பந்தமில்லாத பாடங்கள் என்று உன் அப்பா சொல்வதை நம்பாதே. அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடலடிப் படிவுகளுக்கு வயது சொல்ல நாங்கள் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் காலகட்டப் பெயர்களைப் பார், எல்லாம் பிரெஞ்சு ஊர்களிலிருந்து வந்தவை: செனோமேனியன் லெ மான் ஊர், கோனியாசியன் கோன்யாக், சான்டோனியன் சேன்த். டூரோனியன் என்பது தூர் நகரம்; நாவலாசிரியர் பல்சாக் 1799இல் பிறந்த அதே தூர். நம் ஊர் மாட்டுவண்டித் தடத்தில் கிடக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவத்துக்குப் பிரெஞ்சு ஊர்ப் பெயரில் வயசு! அந்தப் பல்சாக்தான் 1831இல் வந்த நாவலில், எலும்புத் துண்டுகளிலிருந்து அழிந்த விலங்குகளை எழுப்பிய விஞ்ஞானி குவியேயை, "நம் நூற்றாண்டின் மிகப் பெரிய கவிஞர் அவரல்லவா" என்று கேட்கிறார்.

இன்னொருவர் புஃபோன், பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, பூமிக்குச் சுமார் 75,000 வருஷம் வயது என்று 1778இல் அச்சிட்டார். கணக்கு தப்பு, துணிச்சல் பெரிது. 1753இல் பிரெஞ்சு அகாதமியில் சேர்ந்தபோது அவர் பேசியது உரைநடையைப் பற்றி. இலக்கிய வகுப்பிலும் அவர் வருவார், எங்கள் வகுப்பிலும் வருவார்.

சரி, சோறு விஷயம். பி.எஸ்சி.யோடு நிறுத்திவிடாதே. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் ஜியாலஜிஸ்ட் ஆக யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுக்கு முதுகலை கேட்பார்கள். ஆக ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மூன்றுக்கும் ஃபார்ம் போடு.

வெயிலில் கறுத்துப்போவாய் என்பது அக்காவின் கவலை. எனக்கு அதைவிட வேறு கவலை: களத்தில் நாள் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடைக்காது. சேரும் முன்பே டிபார்ட்மென்ட்டில் நேராகக் கேள், ட்ரிப்பில் என்ன ஏற்பாடு என்று. பதில் சொல்லத் திணறினால் அடுத்த கல்லூரியைப் பார்.

அப்புறம், ஃபார்ம் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போய்வருவோம். விடியற்காலை கிளம்பினால் பத்து மணி வெயிலுக்கு முன் அந்தக் களிமண் ஓடைகளில் இறங்கி ஏறிவிடலாம். பழைய ஷூ போதும், தொப்பி கட்டாயம். கண்ணில் படும் சிப்பியையும் பெலெம்னைட் என்ற தோட்டா வடிவப் புதைபடிவத்தையும் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பையில் உன் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று போட்டுக்கொள்; திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பக்கம் எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா