மண் ஒட்டியிருந்தால் பழைய விளக்கு ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

ரோமானியர் காலத்துச் சுடுமண் விளக்குகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அசலை அறிய இரண்டு அடையாளங்களைச் சொல்கிறது: மேலே படிந்த மண், திரி எரியும் மூக்கில் ஏறிய கரி. போலி செய்கிறவர் முதலில் செய்து வைப்பதே இந்த இரண்டையும்தான். பார்க்க வேண்டிய இடம் விளக்கின் உள்பக்கம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் நாடுகளில் புழங்கிய விளக்குகளில் மிகுதியானவை இரட்டை அச்சில் செய்தவை. மேல்பாதி, கீழ்பாதி இரண்டிலும் களிமண்ணை விரலால் அழுத்திப் பதித்து, ஒன்றாகச் சேர்த்து, வெளிமூட்டை வழித்துவிட்டு, எண்ணெய்த் துளையையும் திரித்துளையையும் வெளியிலிருந்து குத்தினார்கள். உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அங்கே வேலை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய்த் துளை வழியே சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பேசியில் இணைக்கும் 4, 5 மில்லிமீட்டர் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. விரல் அழுத்திய பள்ளங்கள், இடத்துக்கு இடம் மாறும் தடிமன், மூட்டில் பிதுங்கிய களிமண் வரப்பு, துளையின் உள்விளிம்பில் தொங்கும் பிசிறு ஆகியவை தெரிய வேண்டும்.

இன்றைய நகல்களில் பல, குழம்பு வார்ப்பில் வருபவை. பிளாஸ்டர் அச்சில் நீர்த்த களிமண்ணை ஊற்றினால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சி, சுவரோரம் ஒரே சீரான படலம் கட்டும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். சுவர் எங்கும் ஒரே தடிமன், உள்பக்கம் வழவழப்பு. விளக்கின் மேல்முகத்தில் உள்ள வட்டப் பரப்பில் (வட்டு) புடைத்திருக்கும் உருவத்துக்கு நேர் கீழே, உள்ளே அதே வடிவில் குழி விழுந்திருக்கும். இந்தக் குழியும் சீரான சுவரும் சேர்ந்து தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

விரலால் அழுத்திச் செய்த நகல்களும் உண்டு, அவைதான் சிக்கல். அசல் விளக்கிலிருந்தே அச்செடுத்துச் செய்வதால், உலரும்போதும் சுடும்போதும் களிமண் சுருங்கி, நகல் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் சிறுத்துவிடும். 10 சென்டிமீட்டர் விளக்கின் நகல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். முகம், விரல், மடிப்பு எல்லாம் மழுங்கும். அதே உருவம் கொண்ட விளக்குக்கு அருங்காட்சியகம் வெளியிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பழங்காலக் குயவர்களே அடுத்தவர் விளக்கில் அச்செடுத்தவர்கள்தாம்: அடியில் ‘ஃபோர்டிஸ்’ என்ற பட்டறைப் பெயர் பொறித்த விளக்குகள் பேரரசின் பல மூலைகளில் நகலெடுக்கப்பட்டன. மேற்பரப்பில் கடுகளவு மணிகள் துருத்திக்கொண்டிருப்பதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவை பிளாஸ்டரில் இருந்த காற்றுக் குமிழிகளின் பதிவு. பிளாஸ்டர் அச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் காலத்து விளக்கு என்று சொல்லி விற்கப்படுபவற்றைச் சோதிப்பது எளிது. அந்த வகையின் உடல் சக்கரத்தில் வனைந்தது. மூக்கு தனியே கையால் செய்து ஒட்டி, கத்தியால் சீவியது. உள்ளே சக்கர வரிகளும் மூக்கில் கத்தி சீவிய தட்டைப் பரப்புகளும் இருக்க வேண்டும். சுற்றிலும் அச்சு மூட்டு ஓடினால் அது போலி. உருவங்களிலும் காலக் குழப்பம் நடக்கும். விலை ஏறட்டும் என்று முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து, மூக்கின் இருபுறமும் சுருள் வடிவம் கொண்ட விளக்கின் வட்டில் கிறித்தவச் சின்னத்தைப் பதிப்பார்கள். அத்தகைய சின்னங்கள் விளக்குகளில் பெருகியது 4, 5-ஆம் நூற்றாண்டுகளில்.

இனி வெளிப்பக்கம். எரிந்த விளக்கில் கரி திரித்துளையின் விளிம்பில் களிமண்ணுக்குள்ளேயே ஊறி, விலக விலக வெளிறும். மெழுகுவத்திப் புகையில் காட்டியது ஈரப் பஞ்சில் கருப்பாக வந்துவிடும். கரியே இல்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றாமலே கல்லறையில் வைத்த விளக்குகள் ஏராளம்.

மண்ணைச் சோதிக்க வினிகர் வேண்டவே வேண்டாம். அசல் சுண்ணாம்புப் படிவும் நுரைக்கும், போலிக்காரர் பூசிய சுண்ணாம்புத் தூளும் நுரைக்கும், மேற்பூச்சுதான் கெடும். அடிவிளிம்பில், கண்ணில் படாத ஓரிடத்தில், அசிட்டோன் என்ற கரைப்பானில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பசையில் குழைத்த மண் பிசுபிசுக்கும். சாயம் என்றால் பஞ்சில் ஏறும். சூளையில் சுட்ட மேற்பூச்சு அசையாது. இருட்டில் புற ஊதா விளக்கையும் காட்டலாம். இன்றைய பசைகளில் பல நீலவெண்மையாக ஒளிரும். அந்த ஒளி ஒரு விரிசலின் வழியே மட்டும் ஓடினால், உடைந்த அசலை யாரோ ஒட்டியிருக்கலாம். படிந்த மண் முழுவதும் ஒளிர்ந்தால் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அசல்தான் என்று தோன்றினால் அடுத்த கேள்வி, அது எப்படி வெளியே வந்தது என்பது. துருக்கி, எகிப்து இரண்டிலும் 1983-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஏற்றுமதியைத் தடுக்கின்றன. இஸ்ரேலில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் விற்கலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாள் இல்லாத அசலைவிடப் போலியே மேல்.

விலை பெரிதாக இருந்தால் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குக் கேளுங்கள். களிமண்ணைக் கடைசியாகச் சுட்ட நாளிலிருந்து அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சேர்த்துவைத்த கதிர்வீச்சு ஆற்றலைச் சூடாக்கி ஒளியாக அளக்கும் முறை இது. காலக்கணிப்பில் கால்பங்கு வரை பிசகலாம்; ஆனாலும் 1,900 ஆண்டையும் 50 ஆண்டையும் பிரித்துச் சொல்ல அது தாராளம். சி.டி. ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் இதற்குப் பிறகு எடுங்கள், அதன் கதிர்வீச்சும் கணக்கில் ஏறிவிடும். துரப்பணமிட்டு மாதிரி எடுக்கும்போது அடியிலிருந்து மட்டும் எடுக்கவிடாதீர்கள். பழைய அடித்துண்டின் மேல் புதிய மேல்பாதியை ஒட்டி விற்பவர்கள், ஆய்வகம் எங்கே துளையிடும் என்று தெரிந்துதான் ஒட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்