"ஆய்வு சொல்கிறது" என்று எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். "ஆய்வில் தெரியவந்துள்ளது" என்ற தொடர் இல்லாமல் உங்கள் மருத்துவப் பக்கம் வெளிவருவது அரிது. ஆனால் எத்தனை பேரை ஆய்ந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இடம் போதாமல் வெட்டப்படும் முதல் வரிகள் அவையாகத்தான் இருக்க வேண்டும். அவைதான் செய்தி என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

1980களில், மாரடைப்பிலிருந்து மீண்ட பலருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மாரடைப்புக்குப் பின் அடிக்கடி துடிப்பு தாளம் தப்புபவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். மாத்திரை அந்தத் தாளப் பிசகை அடக்கியது. அப்படியானால் உயிரையும் காக்கும் என்று நம்புவது இயல்புதானே? இ.சி.ஜி.யும் அதையே காட்டியது. சாப்பிட்டவரின் துடிப்பு சீரானதை மருத்துவர் கண்ணாலேயே பார்த்தார்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க 1987இல் 'காஸ்ட்' என்ற மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தந்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதில் தந்த மாத்திரைகளில் என்கைனைடு, பிளெக்கைனைடு என்ற இரு மருந்துகளையும் 1989இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்.

அந்த இரண்டாவது பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறந்த 63 பேரும் ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள். நோய் முற்றிவிட்டது என்று முடித்திருப்பார்கள். பிழைத்த 692 பேரும் மருந்தால் பிழைத்ததாக நம்பியிருப்பார்கள். அவர்களில் யாரைப் பேட்டி எடுத்திருந்தாலும் மனமார அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நல்ல மருத்துவர்களின் அனுபவம், பொருத்தமான விளக்கம், நன்றியுள்ள நோயாளிகள் என எல்லாம் இருந்தும் மருந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. ஒப்பிட்டு எண்ணிய பிறகுதான் அது வெளியே தெரிந்தது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி எதுவும் தோன்றவில்லை.

அதனால்தான் "ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா?" என்ற கேள்வியை நிருபர்கள் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சோதித்தது எலியையா மனிதரையா என்பது தலைப்பிலேயே வரட்டும். "ஆபத்து இருமடங்கு" என்றால் எதிலிருந்து எதற்கு என்றும் எழுதுங்கள். பத்தாயிரத்தில் ஒருவர் இருவராவதும் இருமடங்குதான், பத்தில் ஒருவர் இருவராவதும் இருமடங்குதான்.

இன்னொன்று, பொறுமை. 2011இல் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் ஒளியை முந்தி 60 நானோ நொடி முன்னதாக வந்ததாக அளந்தது. தங்கள் அளவீட்டைத் தாங்களே மாதக்கணக்கில் சோதித்துவிட்டு, மற்றவர்களும் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் வெளியிட்டார்கள். ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற தொனியில் தலைப்புகள் பறந்தன. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள் முக்கியக் காரணமென்று அடுத்த ஆண்டு அதே குழுவே கண்டறிந்து அறிவித்தது. இது அறிவியலுக்கு நேர்ந்த அவமானமில்லை. அது வேலை செய்யும் விதமே இதுதான். ஒரே ஓர் ஆய்வு வந்த அன்று "உறுதியானது" என்று எழுதாதீர்கள். வேறு குழு வேறு கருவியால் அதையே காணும்வரை "முதல் தகவல்" என்றே சொல்லுங்கள்.

1998இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சம் அதிலிருந்துதான் பரவியது. அதில் ஒப்பீட்டுப் பிரிவே இல்லை. 2002இல் டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டபோது அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. 2010இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் தடுப்பூசியைத் தவிர்த்திருந்தார்கள். அச்சத்தைக் கொண்டுசேர்த்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பும் வர வேண்டும் என்பதை உங்கள் அலுவலகத்தின் எழுதிவைத்த விதியாக்குங்கள். அடுத்த ஆய்வுச் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்