கழுத்துல இருக்கிறது அழுக்கு இல்ல பாப்பா

பாப்பாவுக்கு,

போன்ல ஆரம்பிச்சா "மீட்டிங் இருக்கும்மா"ன்னு வச்சிடுற, அதான் வாட்ஸ்அப்ல நீளமா டைப் பண்றேன், ராத்திரி படுக்கும்போது பொறுமையா படி.

போன வாரம் அனுப்பின போட்டோல துப்பட்டாவ கழுத்தைச் சுத்திப் போட்டிருந்த. சென்னை மே மாச வெயில்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியும், பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல.

நீ ஏழாவது படிக்கும்போது ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறப்போ கடலமாவுல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பீர்க்கங்கா நாரால உன் கழுத்தைத் தேய்ப்பேன், எரியுதும்மான்னு அழுவ, அழுக்கு போக வேண்டாமான்னு இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். தோல் செவந்து போகும், கருப்பு அப்படியே இருக்கும். அது அழுக்கே இல்ல பாப்பா. எனக்கு இப்பதான் தெரியுது. என்னை மன்னிச்சிடு.

வயித்து மடிப்புல அரிப்புன்னு போன வருஷம் தோல் டாக்டர்கிட்ட போனேன்ல, அந்தம்மா அரிப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே என் கழுத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் தடவிப் பார்த்துட்டு, வெல்வெட் துணி மாதிரி இருக்கே, சுகர் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. பக்கத்துலயே சின்னச் சின்ன மரு வேற. டெஸ்ட் எடுத்தா ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர் அளவு, 6.2. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டமாம். அந்தக் கருப்புக்குப் பேரு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடம்புல கொழுப்பு, அதுவும் வயித்துல, கூடிப்போனா இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும், அந்த அதிகப்படி இன்சுலின் தோலுல இருக்கிற செல்லைத் தூண்டிவிட்டு வேகமா வளர வைக்குது, அதான் கழுத்து, அக்குள் எல்லாம் தடிச்சுக் கருத்துப் போகுது. உள்ள நடக்கிறது வெளிய தெரியுது, அவ்வளவுதான், இதை நாரால தேச்சா எப்படிப் போகும், தேய்க்கத் தேய்க்க இன்னும்தான் கருக்கும்.

அரிப்பு விஷயத்துல நான் பண்ண தப்பை நீ பண்ணிடாத. மடிப்புல வேர்வை நின்னு, தோலும் தோலும் உரசி, படர்தாமரை வந்துடுச்சு. மெடிக்கல்ல கேட்டு ஒரு டியூப் வாங்கி மூணு மாசம் போட்டேன். போட்டா அடங்கும், விட்டா ரெண்டு மடங்கா வரும். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, தோலே மெலிஞ்சு செவப்புக் கோடு கோடா விழுந்துடுச்சு, அந்தக் கோடு இன்னும் போகல. தொடை உரசுற இடத்துல உனக்கும் எரியுதுன்னு சொன்னல்ல, டாக்டர்கிட்ட காட்டாம எதையும் தடவாத.

இப்ப அப்பாவும் நானும் ராத்திரி சாப்பிட்டதும் ஸ்கூல் கிரவுண்டுல அரை மணி நேரம் நடக்கிறோம். வேலை செய்யிற தசை இன்சுலினை அவ்வளவா எதிர்பார்க்காம ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை நேரா இழுத்துக்குமாம், அதனால எடை குறையறதுக்கு முன்னாடியே நடையோட பலன் ஆரம்பிச்சிடுது. 78 கிலோ இருந்தேன், எட்டு மாசத்துல 72. முதல்ல அந்த வெல்வெட் சொரசொரப்பு போச்சு, அப்புறம்தான் மெதுவா நிறம் மாறுது, முழுசா இன்னும் போகல. மரு போகல, அது தானா போகாதாம். நடந்துட்டு வந்ததும் வேர்வைத் துணியோட உக்காராம குளிச்சு, மடிப்பையெல்லாம் ஈரமில்லாம தொடச்சு காட்டன் போட்டுக்கிறேன், அரிப்பு திரும்ப வரவே இல்ல.

உனக்கு டேட் தள்ளித் தள்ளிப் போகுது, தாடையில பரு வருது, கழுத்துலயும் இது இருக்கு. மூணும் வேற வேற இல்ல, பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனையா இருக்கலாம், அதுக்கும் இந்த இன்சுலினுக்கும் நெருங்கின தொடர்பு இருக்கு. சீரம், வெள்ளையாக்குற க்ரீம்னு ஆன்லைன்ல காசு கொட்டுறதை நிறுத்திட்டு இந்த சனிக்கிழமையே வெறும் வயித்துல போய் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடு. இடுப்பு அளவும் எடு, நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல போனாலே கவனிக்கணும்னு சொல்றாங்க. அதுக்காகப் பட்டினி கிடக்காத, சட்டுனு எடை எறங்கினா ரெண்டு மூணு மாசத்துல முடி கொத்து கொத்தாக் கொட்டும். உன் பிஜி சாப்பாட்டுல சோறைக் கொஞ்சம் குறைச்சுட்டு சுண்டல், முட்டை சேர்த்துக்க, போதும்.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்றேன், உன்னை ஒல்லியாகு, வெளுப்பாகுன்னு நான் சொல்லல. உன் நிறம் என் நிறம், எங்க அம்மா நிறம், அதுல ஒரு குறையும் இல்ல. பாட்டிக்கு சுகர்ல கால் விரல் போனதை நீ சின்னப் புள்ளையில பார்த்திருக்க, அந்தப் பயம்தான் எனக்கு. ஊருக்கு வரும்போது கழுத்தைப் பத்தி எந்த அத்தையாவது வாயைத் திறந்தா நான் பேசிக்கிறேன், நீ துப்பட்டாவ எடுத்துடு.

வெறும் வயித்துல போறதால பையில ரெண்டு வாழைப்பழம் வச்சுக்க, ரத்தம் கொடுத்ததும் சாப்பிடு. ரிசல்ட் வந்த உடனே போட்டோ எடுத்து அனுப்பு, எவ்வளவு ராத்திரியானாலும் முழிச்சிருப்பேன்.

அம்மா