அப்பாவுக்கு ஒரு மிக்-21

ஷிசுவோகா, ஜப்பான்
9.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா? சேலையூரில் மழை விடவில்லை என்று தங்கச்சி சொன்னாள். மொட்டைமாடிக்கு நீங்கள் ஏற வேண்டாம், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சைக்கிளில் வேலைக்குப் போகக் கையுறை வேண்டியிருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஃபூஜி மலை தெரிகிறது. தினமும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இந்த ஊர்க் கடலில் சக்குரா எபி என்று ஒரு பொடி இறால் கிடைக்கிறது. காயவைத்து விற்கிறார்கள், நம் சென்னாக்கூனியேதான். வெங்காயம் தக்காளி போட்டு வதக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

இப்போது முக்கிய விஷயம். செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு, நீங்கள் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த போர்விமானம். உங்கள் இளமை முழுக்க அதன் வயிற்றுக்கடியில்தான் கழிந்தது. அன்றே முடிவு செய்தேன், நம் வீட்டு ஷோகேஸில் ஒரு மிக்-21 மாடல் நிற்க வேண்டும்.

நான் வந்து சேர்ந்த ஊரும் அதற்கு ஏற்ற ஊர்தான். முன்காலத்தில் பெரிய கோயில்கள் கட்ட வந்த தச்சர்கள் இங்கேயே தங்கிவிட்டார்களாம். அந்த மரவேலைக் கைகள் பிறகு மரத்தில் பொம்மை விமானம் செய்தன, போருக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறின. மாடல் கிட் செய்யும் டாமியா கம்பெனி 1946-ல் மரக்கம்பெனியாகத் தொடங்கியதுதான். ஹாசெகாவா, ஃபூஜிமி, அயோஷிமா எல்லாம் இந்தப் பக்கத்தவை. பிரித்து வைத்த மாடல் கிட் போலவே அமைத்த தபால்பெட்டிகூட இங்கே இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் போடப் போகிறேன்.

கடைக்காரர் முதலில் டாமியாவின் எஃப்-14 என்ற அமெரிக்கப் போர்விமானப் பெட்டியைத்தான் காட்டினார். பாகங்கள் தேய்க்காமலே பொருந்தும், முதல்முறை செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது என்றார். உண்மையாகவே அருமையான பெட்டி. ஆனால் நீங்கள் தொடாத விமானத்தை வைத்து நான் என்ன செய்ய? மிக்-21 வேண்டும் என்றேன். அவர் காட்டியது மிக்-21-இன் ‘பிஸ்’ ரகம். பெட்டிப் படம் மிக அழகு. வாங்கிவிடலாம் என்று பர்ஸை எடுத்த நேரத்தில் பக்கவாட்டுப் படம் கண்ணில் பட்டது. காக்பிட் மூடி வலப்பக்கமாகத் திறந்திருந்தது.

சின்ன வயதில் டிபன் பாக்ஸ் மூடியை வைத்து நீங்கள் காட்டியது அப்படியே நினைவுக்கு வந்தது. நீங்கள் வேலை பார்த்த டைப் 77 ரக மிக்-21-ல் கீல் முன்னால் இருக்கும், மூடியின் பின்பக்கம்தான் மேலே எழும். விமானி வெளியே எறியப்படும்போது அந்த மூடியும் அவரோடு போய், காற்று முகத்தில் அறையாமல் காக்கும் என்றீர்கள். பிஸ்ஸின் முதுகும் வேறு, எரிபொருளுக்காகப் புடைத்திருக்கும். உங்களுடையது ஒல்லி முதுகு. அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். நீங்கள் பார்த்தவுடனே, ‘இது நம்ம வண்டி இல்லைப்பா’ என்று சொல்லியிருப்பீர்கள்.

டைப் 77, அதாவது எஃப்.எல்., என்று பெயர் போட்ட பெட்டி அந்தக் கடையில் இல்லை. எஃப்.எல். எதிலிருந்து பிறந்ததோ அந்த பி.எஃப். இருந்தது, செக் நாட்டு எடுவார்ட் கம்பெனியுடையது. மூடி முன்கீல், முதுகு ஒல்லி. வயிற்றில் மாட்டும் இரட்டைக்குழல் பீரங்கியைத் தனியாகத் தேடுகிறேன்.

அளவுக்குத்தான் ரொம்ப யோசித்தேன். இறக்கையின் முழு அகலம் 7.15 மீட்டர். 1/72-ல், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்தால், பத்து சென்டிமீட்டர்கூட வராது; உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் சில பாகங்கள் கடுகு மாதிரி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் அதோடு மல்லுக்கட்டக் கூடாது. 1/32 ஷோகேஸில் நுழையாது. எனவே 1/48. இறக்கை பதினைந்து சென்டிமீட்டர், சக்கரக் குழியில் குழாய்கள்கூடத் தெரியும். அந்தக் குழிக்குள் தலையை விட்டு வேலை செய்தவர் நீங்கள், அது தெரிய வேண்டாமா? பெட்டியில் மெல்லிய பித்தளைத் தகட்டுப் பாகங்களும் உண்டு. அவற்றை விட்டுவிடலாம், பிளாஸ்டிக்கே போதும்.

பொங்கலுக்கு வரும்போது பெட்டியைக் கையிலேயே எடுத்து வருகிறேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்வோம். பிளாஸ்டிக் சிமென்ட் தீப்பற்றும் பொருள், விமானத்தில் விடமாட்டார்கள். நம் ஊர் ஹாபி கடைகளில் விசாரித்து வையுங்கள். அது சாதாரணப் பசை இல்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும். கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிகால் போதும். பர்மா பஜாரில் எனக்கு வாங்கித் தந்தீர்களே ஒரு விமானம், அதன் மூடியை உடனே ஒட்டும் பசையால் ஒட்டினேன். ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்திய வட்டச் சின்னத்தின் டெக்கால், அதாவது ஒட்டுப்படம், தனியாக வாங்கிவிடுவேன். நீங்கள் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் பொறுப்பில் இருந்த விமானத்தின் எண், ‘சி’ என்று தொடங்குமே, அது பழைய டைரியில் இருக்கும்; பார்த்து எழுதுங்கள். அப்புறம் நிறம். 71 போரின்போது அவசர அவசரமாகப் பச்சை பூசினோம் என்பீர்கள். அதற்கு முன்னால் வெறும் வெள்ளித் தகடாக நின்ற விமானத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டில் எது வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குத் தகுந்த பெயின்டை வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்