டேப் வாங்குவதற்கு முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து உங்களில் பலர் ஒரே கேள்வியோடு என்னைப் பார்க்க வருகிறீர்கள். டேப் என்னும் கைக்கணினியும் ஆன்லைன் பாடமும் சேர்த்து வீடு வீடாக விற்கிறார்களே, மாதத் தவணை கட்டினால் போதும் என்கிறார்களே, வாங்கலாமா என்று. ஆறாம் வகுப்பு மகனுக்காக நகையை அடகு வைக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம். அதற்குக் காரணத்தையும், இந்தப் பருவத்தில் பள்ளி செய்யப்போவதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய ஆண்டு 2020. கொரோனாவால் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முழுவதும், இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய பாதியும் அவர்களுக்குப் பள்ளியே இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, வாட்ஸ்அப்பிலும் வந்தது. கையைப் பிடித்து 'அ' எழுதவைக்க ஆள் வரவில்லை. அப்புறம், தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வியும், சிறு வகுப்புகளுக்கு எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்றுத்தர 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் நிறையவே கைகொடுத்தன. ஆனாலும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னபோது, எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருந்தாலும் கேள்வி புரியாது. டேப்பில் ஓடும் வீடியோ எல்லாவற்றையும் தானே வாசித்துக் காட்டிவிடும். பிள்ளையும் தலையாட்டிக்கொண்டு பார்க்கும். வாசிக்கத் தெரியாதது வெளியே தெரியாமலே போய்விடும்.

எனவே ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இனி தினமும் முதல் பாடவேளை வாசிப்புதான். தமிழ் ஆசிரியர் மட்டுமல்ல, கணக்கு ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் எல்லோரும் ஆளுக்கு ஒரு சிறு குழுவை எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

"வாசிக்கத் தெரியாதவனை ஏன் சார் பாஸ் போடுகிறீர்கள், ஒரு வருஷம் உட்காரவைத்தால் படிப்பானே" என்று சிலர் கோபப்படுகிறீர்கள். ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதே இங்கே கொள்கை. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நம் கரையில் ஃபெயிலான பையன் அடுத்த வருஷம் அதே பெஞ்சுக்குத் திரும்பி வருவதில்லை, படகில் ஏறிவிடுகிறான். பெண் பிள்ளை என்றால் இறால் கம்பெனிக்கோ கருவாட்டுக் களத்துக்கோ போய்விடுகிறாள். அதே சமயம், மேல் வகுப்புக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று பள்ளி கைகழுவினால் அதுவும் அநியாயம். வாசிப்புப் பாடவேளையை வைத்திருப்பது அதனால்தான்.

பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு சொல். பொதுத்தேர்வு இல்லை என்றானதில் பிள்ளைகளுக்கு நிம்மதி, எனக்கும்தான். ஆனால் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு நேராகப் பன்னிரண்டை நடத்தும் பழக்கம் பல இடங்களில் இருந்ததால்தான் அந்தத் தேர்வே 2017-18-இல் வந்தது. நம் பள்ளியில் அந்தக் குறுக்குவழி கிடையாது. பாடத்தை முழுவதும் நடத்துவோம்.

சரி, இவர் கணினிக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படகுத்துறைத் தூணில் கோடு போட்டு, தண்ணீர் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் நோட்டில் குறித்து வருகிறார்கள். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் கூடும் என்பதை வீட்டில் தாத்தாவிடம் கேட்டு எழுதி வந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் உட்காரவைத்து, கணினியில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டோம். பாம்பனுக்கு வடக்கே ஒரு நேரம், தெற்கே வேறு நேரம் காட்டியதும் என்ன சண்டை, என்ன கேள்விகள்! வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலும் வேறு வேறாக நடந்துகொள்வது ஏன் என்று தேடித் தேடிப் படித்தார்கள். முதலில் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, ஒரு கேள்வி பிறந்த பிறகு கணினிக்குப் போனால் அது பிள்ளையை வளர்க்கும்.

முறை தலைகீழானால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்க் கடல்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, பல நோட்டுகளில் ஒரே 'வெள்ளி அலைகள்', ஒரே 'பொன்னிற மணல்'. போனில் இருக்கும் ஏஐ எழுதிக் கொடுத்தது. கச்சான் காற்று இல்லை, கணவாய் மீன் இல்லை, வலை இல்லை. தமிழாசிரியை திட்டவில்லை. வகுப்பிலேயே உட்கார்ந்து மறுபடி எழுதச் சொன்னார். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொள்வதையும், பாறை கிழித்தால் உப்புத் தண்ணீரில் எப்படி எரியும் என்பதையும் ஒரு மாணவி எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். அவள் எழுதியதை எந்த இயந்திரமும் எழுதித் தந்திருக்க முடியாது. இனி ஒன்பதாம் வகுப்புவரை கட்டுரைகள் எல்லாம் வகுப்பறையில், கையால்தான்.

வீட்டுப்பாடமும் இனி வாட்ஸ்அப்பில் வராது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. படகு கரைக்கு வரும்வரை பிள்ளை காத்திருந்து, நடு இரவில் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவது என்ன நியாயம்? பாடம் நோட்டில் எழுதி வரும். குழுவில் விடுமுறை, கூட்ட அறிவிப்புகள் மட்டும். கணினி தேவைப்படும் பிள்ளைகளுக்காக செவ்வாய், வியாழன் மாலை 5 மணிவரை லேப் திறந்திருக்கும், ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே சார் என்று சொல்லாதீர்கள். பிள்ளை திக்குகிறதா, சரளமாகப் போகிறதா என்பதைக் காது சொல்லிவிடும். திக்கினால் மறுநாள் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடலுக்குப் போகாத நாள் என்பதால் கூட்டத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வைத்திருக்கிறோம். அப்பாக்களும் வாருங்கள். டேப்புக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் ரசீதையும் ஒப்பந்தத் தாளையும் கையோடு எடுத்து வாருங்கள். கையெழுத்துப் போட்டதில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்