தேவியை மட்டும் நறுக்கி எடுக்காதீர்கள்

பழைய சிகரெட் அட்டைகளைச் சேகரித்து இணையத்தில் ஏற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவர் ஏற்றிய படத்தைப் பார்த்து வயிறெரிந்தது. ஓரங்களை நறுக்கி, பழுப்பை வெளுத்து, ‘கிரேக்க தேவி, பழைய ஓவியம்’ என்று போட்டிருந்தார்.

ஓவியமா அது? நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த கிம்பல் கம்பெனி 1889-இல் சிகரெட்டுக்காக வெளியிட்ட அட்டை. கிரேக்க, ரோமானியப் பெண் தெய்வங்கள் 50 பேர் அந்த வரிசையில். அன்றைய சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதம். உள்ளிருப்பது நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெற்று அட்டை எதற்கென்று படம் அச்சடித்தார்கள். நடிகைகள், பேஸ்பால் வீரர்கள், கொடிகள், அப்புறம் தெய்வங்கள். வரிசையை முடிக்கும் ஆசையில் இன்னொரு பாக்கெட் விற்கும்.

கம்பெனி முதலாளி கிம்பலுக்குப் புராணப் பித்து முன்பே உண்டு. 1881-இல் தன் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் மெர்குரி என்ற ரோமானியத் தெய்வத்தின் 21 அடி உயரச் சிலையைச் செம்பில் நிறுத்தியவர். ஆண் தெய்வம் புகைபோக்கியில், பெண் தெய்வங்கள் புகைப்பவர் சட்டைப்பையில்! (நடிகை படத்துக்கு முகம் சுளிக்கும் வீட்டிலும் தேவி படம் நுழைந்துவிடும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.) 1890-இல் கிம்பல் உட்பட ஐந்து கம்பெனிகள் அமெரிக்கன் டொபாக்கோ என்ற ஒரே கம்பெனியாயின. போட்டி போனது, அட்டைகளும் குறைந்தன.

சரி, நம் வீட்டிலும் காலண்டர் லட்சுமியின் காலடியில் இருக்கும் ஜவுளிக்கடைப் பெயரை வெட்டிவிட்டுத்தான் சட்டம் போடுவோம். அது பூஜைக்கு. நீங்கள் வரலாறு என்றல்லவா ஏற்றுகிறீர்கள்?

இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். கம்பெனி பெயரையும் ‘என்-188’ என்ற வரிசை எண்ணையும் எழுதுங்கள். அந்த எண் முறையைத் தந்தவர் சிராக்யூஸ் ஊர்ச் சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக். அவர் மூட்டுவாதத்தோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக ஆல்பங்களில் ஒட்டினார். வேலை முடிந்த சில வாரங்களில், 1963-இல், இறந்துபோனார். நம்மால் இரண்டு வரி எழுத முடியாதா?

என்னிடம் இருப்பது ஒரே ஒரு அட்டை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தேவியின் கன்னம் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகப் பிரிகிறது. பின்னால் காய்ந்த பசையும், யாரோ ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது ஒட்டிக்கொண்ட கறுப்புத் தாள் துணுக்கும். நாளை அதையும் சேர்த்துத்தான் ஏற்றப்போகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்